யாருடைய ஆள்

செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக்கு மூன்று நாள், விடியற்காலை ஐந்தரைக்கு மெற்றில்டாவின் வீட்டு வாசலில் கைபிடி வைத்த பிளாஸ்ரிக் கதிரை ஒன்று வந்துவிடும். சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற அவளுடைய புருசன் கிளெமென்ற் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதில் இருந்துகொள்வார். மூன்றாம் மாடி த்ரீவீலர்காரன் றொஹான் முன்னால் பிடிப்பான். எதிர்வீட்டு பலீலாவின் மருமகன் பின்னால் பிடிப்பான். ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெற்றில்டா பின்னால் இறங்குவாள். ஏழு மாடி. கொட்டாஞ்சேனையில் அந்த நேரத்திலேயே புழுங்கத் தொடங்கிவிடும். படிக்கட்டில் ஜன்னல் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் கதிரையை இறக்கி வைத்து இரண்டு பேரும் தோளில் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

"துறைமுகத்தில இருவத்தஞ்சு வருசம் கிரேன் ஓட்டினனான், றொஹான். எத்தின தொன் தூக்கியிருப்பன். இப்ப பாரு, என்னைத் தூக்க ரெண்டு பேர்," என்பார் கிளெமென்ற்.

"நீங்க ஒண்டும் பாரமில்ல அய்யே," என்பான் றொஹான். சிங்களவன்தான். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் வாயில் தன்பாட்டில் வரும். கீழே இறங்கி, கிளெமென்றை வண்டியில் ஏற்றிவிட்டு, மெற்றில்டாவிடம் மெதுவாகக் கேட்பான்: "அக்கே, லிஃப்ற் எப்ப?"

மற்றவர்கள் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். இவன் கேட்டால் வெட்கமாக இருக்கும்.

ஏனென்றால் லிஃப்ற் வேலையை எடுத்திருந்தது அவள் வேலை செய்கிற கொம்பனி. குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, "எங்கட கொம்பனி நல்லாச் செய்யும், நானே நிண்டு பாத்துக்கொள்ளுவன்" என்று சொன்னதும் அவள்தான். நாலு மாதம் என்று சொல்லிப் பழைய லிஃப்றைக் கழற்றினார்கள். இப்போது பதினோராவது மாதம். புதிய லிஃப்றின் சாமான்கள் மரப்பெட்டிகளில் வந்து கீழ்மாடியில் கிடந்தன. பிள்ளைகள் பெட்டிமேல் ஏறி விளையாடின.

தடை என்னவோ சின்னத் தடைதான். லிஃப்ற் ஏறி இறங்குகிற கூட்டின் அடியில் ஓராள் ஆழத்துக்கு ஒரு குழி. அதற்குள் எங்கிருந்தோ தண்ணீர் கசிந்து முழங்கால் அளவுக்கு நின்றது. அதை இறைத்து, கசிவை அடைத்து, தண்ணீர் ஏறாத கலவையை இரண்டு தரம் பூசினால்தான் லிஃப்ற்காரர் வந்து தண்டவாளத்தைப் பொருத்துவார்கள். மூன்று நாள் வேலை.

அந்த மூன்று நாளைத் தருவதற்குத்தான் கொம்பனியில் ஆள் இல்லை. மேசன்மார் எல்லோரும் சிவில் பகுதியின் ஆட்கள். அவர்களுக்குத் தலைவர் டெரிக். லிஃப்ற்காரருக்கு வேறு தலைவர், வயர் இழுப்பவர்களுக்கு வேறு தலைவர். மெற்றில்டா கொட்டாஞ்சேனை வேலையை ஒருங்கிணைக்கிற கோடினேற்றர். எப்போது முடியும் என்று ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது அவள். ஆனால் ஒரு மேசனைப் பார்த்து "நாளைக்கு இங்க வாங்க" என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. வெள்ளவத்தை ஹெட் ஒபிசின் வாசலில் கொம்பனியின் அமைப்பைப் படமாக வரைந்து கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். சேர்மனிலிருந்து கறுப்புக் கோடுகள் ஒவ்வொரு பகுதிக்கும் இறங்கும். கோடினேற்றர்மாரின் பெட்டி மட்டும் ஓரத்தில், புள்ளி புள்ளியான ஒரு கோட்டில் தொங்கும்.

சிவில் ஆட்கள் முழுப்பேரும் வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து எழும்புகிற பதினெட்டு மாடி அப்பாட்மென்றில் நின்றார்கள். சேர்மன் தினமும் காலையில் அந்த வழியால்தான் ஒபிசுக்கு வருவார். அங்கே இரண்டு ஆள் குறைந்தால் அவர் கண்ணில் படும். கொட்டாஞ்சேனைக் குழி யார் கண்ணிலும் படாது.

திங்கட்கிழமை மீற்றிங்குக்கு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் போட்டுக் கொடுக்க வேண்டும். சரியாகப் போனால் பச்சை, சுணங்கினால் மஞ்சள், நின்றுவிட்டால் சிவப்பு. மெற்றில்டா அந்தக் கிழமை சிவப்புப் போட்டாள். ஒப்பரேஷன்ஸ் டிரெக்டர் ஷிப்லி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், யாரையும் சத்தம் போட்டு ஏசியது கிடையாது.

"மிஸ், சிவப்பு வாணாம். சேர்மன் சிவப்பக் கண்டா முழு மீற்றிங்கும் அதிலயே போயிடும். டெரிக்குக்கும் ஒரு மாதிரி ஈக்கும். மஞ்சள் போடுங்க, நான் கதைச்சிக்கொள்றேன்."

"ஏழு கிழமையா மஞ்சள்தான் சேர் போட்டனான்."

"அப்ப ஒரு மாறுதலுக்குப் பச்சை போடுவம்," என்று சிரித்தார்.

பகிடி என்றுதான் நினைத்தாள். மீற்றிங்கில் திரையில் வந்தபோது கொட்டாஞ்சேனை பச்சையாகவே இருந்தது. சேர்மன் பார்த்துத் தலையாட்டினார். டெரிக் தன் பேனை மூடியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். மெற்றில்டா வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவர் மேசைக்குக் கீழே கையை அசைத்து வேண்டாம் என்றார். அவள் மூடிக்கொண்டாள். பதினொரு வருசத்தில் அந்த மேசையில் ஒருவரும் சேர்மனுக்குக் கெட்ட செய்தி சொல்லி அவள் கண்டதில்லை. சொல்லக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. அப்படியே பழகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை, நாலாம் மாடித் திருப்பத்தில், கதிரையின் பின்கால் முறிந்தது.

"கை! கையப் பாருங்க!" என்று மெற்றில்டா கத்தினாள். இரத்தம் சுத்திகரிக்க ஊசி போடுவதற்கென்று இடது கையில்தான் இரத்த நாளங்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கை போனால் எல்லாம் போச்சு. றொஹான் தன் கையை ஊன்றி அவரைத் தாங்கிக்கொண்டான். கிளெமென்றுக்கு இடுப்பில் மட்டும் அடி. மிச்சப் படிகளை அவர் இவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கினார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

பின்னேரம் வேலையால் வந்து அவள் கிழங்கை வெட்டி ஊறப்போட்டாள். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, அவித்த தண்ணீரையும் ஊற்றிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வைத்தாள். சிறுநீரகத்துக்கு ஆகாத உப்புகள் போக, அவருக்குக் கறி அப்படித்தான். ருசி முழுக்க சிங்க்கில் போய்விடும். குடிக்கிறதும் அளவு. நாக்கு வரண்டால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டிருப்பார்.

"சனிக்கிழமை நான் போகல்ல," என்றார் கிளெமென்ற்.

"என்ன கதை இது?"

"றொஹான்ட மணிக்கட்டு வீங்கியிருக்கு. அவன் சொல்ல மாட்டான். அந்தக் கையாலதானே வண்டி ஓட்டிச் சாப்பிடுறான்? இன்னும் எத்தின பேரிட்டப் போய்க் கேப்ப?"

"ஒரு நாள் விட்டா என்ன ஆகும் எண்டு டொக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல்ல."

"மறக்காமத்தான் சொல்றீங்களா?"

"மெற்றி, நான் சாகிற எண்ணத்தில கதைக்கல்ல. எனக்குக் களைச்சுப்போச்சு. நீங்க எல்லாரும் மூச்சு வாங்குறதக் கேட்டுக்கொண்டு நான் மட்டும் கதிரையில சும்மா இருக்கிறன் பாரு... அது ஊசி குத்துறதவிடக் கஷ்டம்."

கதவு திறந்தே இருந்தது. பலீலா ஒரு கோப்பையில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வாசலில் நின்றாள். கேட்டிருப்பாள் போல. கோப்பையை வைத்துவிட்டு மெற்றில்டாவைக் குசினிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள்: "எனத்த மெற்றில்டா இது? நீங்க வேல செய்ற கொம்பனிதானே? ஒங்களுக்கே இப்பிடியெண்டா மத்தவங்களுக்கு எப்பிடி ஈக்கும்?"

குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. புத்தர் பண்டிகையான வெசாக்குக்காக சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சைற் பூட்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெற்றில்டா ஒபிசிலிருந்து நடந்து வெள்ளவத்தை சைற்றுக்குப் போனாள். மேசன்மாரின் தலையாள் இராமர் கம்பிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் சோற்றுப் பார்சலை விரித்து வைத்திருந்தார். ஹற்றன் பக்கத்து ஆள். ஜிந்துப்பிட்டியில் வாடகைக்கு இருக்கிறவர். அவளைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழும்பினார்.

"இருங்க இராமர், சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு, குழியைப் பற்றிச் சொன்னாள். கதிரை முறிந்ததையும் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று வரவில்லை. வாயில் வந்துவிட்டது.

"வேல பெருசில்லீங்கம்மா. நான் ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தா மூணு நாள்ல முடிச்சிரலாம். ஆனா டெரிக் சார் சொல்லணுமே."

"அவரிட்ட ஏழு தரம் கேட்டாச்சு."

"அவரும் என்ன செய்வாருங்க. இங்கன ஒரு ஆளு கொறஞ்சா அவருக்குத்தான் ஏச்சு."

"வெசாக் லீவில இங்க யாரும் கொறையப் போறதில்ல தானே?"

இராமர் பார்சலை மடித்தார். "கலவ சாமான் அங்கயே கெடக்குன்னீங்க. தண்ணி எறைக்கப் பம்ப் வேணுமே. இங்க ஒண்ணு சும்மா கெடக்கு. கொம்பனி பம்பு, கொம்பனி வேல..."

"கொண்டு வாங்க," என்றாள் மெற்றில்டா. "நான் பொறுப்பு."

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு இராமர் ஏழாம் மாடிக்கு ஏறி வந்துவிட்டார். கிளெமென்ற் கட்டிலைவிட்டு எழும்ப மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். இராமர் கட்டிலுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"ஐயா, சீமெந்து மூட்டை தூக்குற முதுகுங்க. வாங்க."

"உங்களுக்கு என்னத்துக்கப்பா இந்த வேலை?"

"கீழ எறங்கத்தானே போறேன். சும்மா எறங்கி என்ன செய்ய?"

கிளெமென்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் ஏறிக்கொண்டார்.

அந்த மூன்று நாளும் மழை. தெருவில் வெசாக் விளக்குக் கூடுகள் நனைந்து தொங்கின. வெளியே மண்ணில் ஊறிய தண்ணீர் குழிக்குள் இன்னும் கூடக் கசிந்தது. பம்ப் நிற்காமல் இறைத்தது. இராமரும் மற்ற இரண்டு பேரும் முறை வைத்து உள்ளே இறங்கி, கொங்கிறீற்றைக் கொத்தி, கசிகிற வாய் ஒவ்வொன்றையும் கையால் தடவிக் கண்டுபிடித்து அடைத்தார்கள். பலீலா தேத்தண்ணி இறக்கிக்கொண்டேயிருந்தாள். வீங்கிய மணிக்கட்டோடு றொஹான் பாண் வாங்கிவந்தான். திங்கள் பின்னேரம், காலையில் போட்ட இரண்டாம் பூச்சும் காய்ந்தபின், இராமர் குழிக்குள் நின்று வெறுங்காலால் தரையை உரசிப் பார்த்தார்.

"காஞ்சிருக்கும்மா," என்றார்.

செவ்வாய் காலை லிஃப்ற் பகுதியில் மெற்றில்டா சொன்னாள், குழி ரெடி என்று. யார் செய்தது என்று அவர்கள் கேட்கவில்லை. அதிலிருந்து ஐந்தாம் கிழமை லிஃப்ற் ஓடியது.

திறப்புக்கு சேர்மனே வந்தார். றிபனும் வெட்டி, கேக்கும் வெட்டினார்கள். ஒவ்வொரு பகுதியும் கைகோத்து வேலை செய்ததற்கு இது சாட்சி என்று ஷிப்லி பேசினார். டெரிக்கும் இரண்டு வார்த்தை பேசினார். கிளெமென்ற் வெள்ளைச் சேட்டோடு லிஃப்றுக்குள் நின்று பொத்தானை அமத்தினார். ஏழாம் மாடிக்குப் போய், அங்கே இறங்காமலே மறுபடி கீழே வந்தார். பிள்ளைகள் கைதட்டின. மெற்றில்டா கூட்டத்தில் இராமரைத் தேடினாள்.

"அவர வேலையால நிப்பாட்டி ரெண்டு கிழமையாச்சே, மிஸ்," என்றான் ஒரு லிஃப்ற்காரன். "உங்களுக்குத் தெரியாதா? பம்புக்குள்ள சேறு இருந்ததாம். ஸ்ரோர்க்காரர் கண்டு, கேக்காம வெளிய கொண்டுபோனதெண்டு எழுதிக் குடுத்திட்டார்."

கையிலிருந்த கேக்குத் துண்டை அவள் மேசையில் திருப்பி வைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து நேரே ஜிந்துப்பிட்டிக்குப் போனாள். ஒழுங்கையின் கடைசி அறை. இராமரின் மனைவி ஆறாயி கடைகளுக்குக் கொடுக்க இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். அறை முழுக்க ஆவி. இராமர் பக்கத்தில் இருந்து தட்டுகளில் மா பிழிந்துகொண்டிருந்தார். மேசன் கை, பிழிந்தது எல்லாம் தடிப்புத் தடிப்பாக விழுந்திருந்தது.

"ஏன் இராமர் எனக்குச் சொல்லல்ல?"

"யாரு சொல்லி எடுத்தேன்னு கேட்டாங்க. உங்க பேரச் சொன்னா உங்களுக்கும் கடுதாசி வரும். ஐயாவும் முடியாதவரு. நானாத்தான் எடுத்தேன்னுட்டேன்."

ஆறாயி தட்டை இறக்கி வைத்தாள். மெற்றில்டாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒங்க லிப்டு ஓடுதுங்களா?"

"ஓடுது."

"நல்லது. பொறுப்புன்னு சொன்னீங்களாமே இவருகிட்ட. பொறுப்புன்னா என்னங்கம்மா? எனக்குத் தெரியாமத்தான் கேக்குறேன்."

"ஆறாயி, சும்மா இரு," என்றார் இராமர்.

"சும்மாத்தானே இருக்கோம், ரெண்டு கெழமையா."

மெற்றில்டா தனக்குக் கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்துவிட்டு எழும்பினாள்.

அடுத்த நாள் டெரிக்கின் அறைக்குப் போனாள். டெரிக்கும் கொட்டாஞ்சேனைதான்; ஒரே மாதாகோயிலுக்குப் போகிறவர்கள்.

"இராமரைக் கூப்பிட்டது நான். பம்பைக் கொண்டுவரச் சொன்னதும் நான்."

"தெரியும்," என்றார் டெரிக். "வெசாக் லீவில அவன் என்னத்துக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போறான்? எனக்கு அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சா அந்தக் கடிதத்தை எனக்குத் தந்திருக்கோணும்."

"எப்பிடித் தர? நீங்க என்ட ஆள் இல்லையே, மெற்றில்டா. நான் கடிதம் குடுக்கிறதெண்டா என்ட பகுதி ஆளுக்குத்தான் குடுக்கலாம். உங்களுக்கு யார் மேல? ஷிப்லி சேரா, சேர்மனா? ஆளெடுக்கிற எச்.ஆர். பகுதியில கேட்டுப் பாத்தனான். அவங்களுக்கே தெரியல்ல."

"அதுக்காக அந்த மனுசனை..."

"கேளுங்க. முந்தி இங்க எப்பிடி இருந்தது எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கோணும். ஆளாளுக்கு என்ட மேசன்மாரக் கூட்டிக்கொண்டு போவாங்க. இங்க கொங்கிறீற் வந்து நிக்கும், போட ஆள் இருக்காது. ஏச்சு எனக்கு. அதுக்குத்தான் நான் சொல்லாம யாரும் அசையக்கூடாது எண்டு வச்சனான். இராமர் நல்ல மேசன், எனக்கும் கவலைதான். அவனை விட்டா நாளைக்கு எல்லாரும் இழுப்பாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குக் கூடுதல் களைப்பாக இருந்தது.

ஷிப்லி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மேசையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வழி ஈக்கு. கொட்டாஞ்சேனை வேல நடந்த காலத்தில ஒங்கள சிவில் பகுதிக்கு மாத்தியிருந்ததெண்டு ஒரு பேப்பர் போடலாம். அப்பிடியெண்டா இராமர் தன்ட பகுதி மேலாள் சொன்னதத்தான் செஞ்சிருக்கார். அவர்ல பிழை இல்ல."

"பிழை என்னில."

"ஓ. எச்சரிக்கைக் கடிதம் ஒண்டு வரும். ஆனா மிஸ், பேப்பர் போட்டா அது மெய்யாவே ஈக்கணும். நீங்க சிவிலுக்கே போகணும். வெள்ளவத்தை சைற் ஒபிஸ். டெரிக்குக்குக் கீழ. கோடினேற்றர் எண்ட பேர் போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"இராமர் எப்ப வேலைக்கு வரலாம்?"

"நீங்க சைன் வச்ச அடுத்த நாள்."

அவள் பேனையைக் கேட்டு வாங்கினாள்.

வீட்டில் கிளெமென்றிடம் சொன்னபோது அவர் ஐஸ் துண்டை வாயின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "கோபமா இருக்கா?"

"இல்ல."

"கவலையா?"

"கிழங்கு அவியுது, பொறுங்க," என்று குசினிக்குள் போனாள்.

வெள்ளவத்தை சைற் ஒபிஸ் என்பது தகரம் அடித்த ஒரு அறை. மத்தியானத்தில் உள்ளே இருக்க முடியாது. கடல் காற்று வரும். அதோடு சீமெந்துத் தூசியும் வரும். மெற்றில்டா ஒரு சின்ன மின்விசிறியை வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்தாள். இராமர் வந்த முதல் நாள், "வாங்கம்மா" என்றார்; அவளும் "வாங்க இராமர்" என்றாள். ஆறாயி ஒரு நாள் இடியப்பப் பார்சல் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள். பார்சலுக்குள் சம்பலும் இருந்தது.

மூன்றாம் கிழமை, ஒரு திங்கட்கிழமை, பதினொரு மணியிருக்கும். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இராமர் தொப்பியைக் கழற்றியபடி அறை வாசலுக்கு வந்தார்.

"அம்மா, கீழ தண்ணித் தொட்டிச் செவத்துல ஒரு வெடிப்பு கண்டிருக்கு. சின்னதுதான். இப்பவே கொத்தி அடைச்சா அர மணித்தியால வேல. மழ எறங்கிருச்சின்னா தண்ணி பூந்து பெருசாயிரும்."

"ஆள் இருக்கா?"

"ரெண்டு பேரு சும்மாத்தான் நிக்கிறாங்க. சாமானும் இருக்கு. நீங்க சொன்னீங்கன்னா தொடங்கிருவோம்."

செய்யுங்க என்ற சொல் அவளுடைய நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இராமர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்த இரண்டு பேரும் சாந்துக் கரண்டியோடு தயாராக நின்றார்கள். தொட்டி வேலைக்கு டெரிக்கின் கையெழுத்து வேண்டும். கையெழுத்தில்லாமல் செய்து, பிறகு யாராவது எழுதிக் கொடுத்தால், கடிதம் யாருக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

டெரிக்குக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. திங்கட்கிழமை, மீற்றிங்கில் இருப்பார். மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"சேரிட்டக் கேட்டுட்டுச் சொல்றன், இராமர்," என்றாள்.

இராமர் அவளை ஒரு கணம் பார்த்தார். "சரிங்கம்மா," என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். மூன்று பேரும் போய்க் கூரைக்குக் கீழே, சீமெந்து மூட்டைகளில் இருந்தார்கள். தகரத்தில் முதல் துளிகள் விழத் தொடங்கின.